ஓடக் கூடாத இருதயம்!

1911-ம் ஆண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாரத்தான் ஓட்டப் பந்தயம்.

ஓட வந்தவர்களை டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வாலிபரின் இருதயத்தில் இரைச்சல் கேட்டது. களைத்துப் போனால் உடனே நின்றுவிட வேண்டும் என்றும், இனிமேல் இப்படி ஓடுவதே கூடாது என்றும் எச்சரித்தார்கள்.

வாலிபர் நிற்கவில்லை. முதலாவதாக வந்தார்!

அவர்தான் கிளாரன்ஸ் டி மார்.

அச்சகத் தொழிலாளி

1888-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பாஸ்டன் துறைமுகத்தில் உள்ள ஒரு தீவின் பண்ணைப் பள்ளியில் வளர்ந்தார். பிறகு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

வேலைக்குப் போவதும் ஓட்டம்தான். வீடு திரும்புவதும் ஓட்டம்தான்!

1912-ல் ஒலிம்பிக்கில் ஓடினார். அதன்பின் சில ஆண்டுகள் பெரிய பந்தயங்களை விட்டு ஒதுங்கியிருந்தார். அவர் கதை முடிந்ததா? இல்லை!

1922, 1923, 1924 என்று தொடர்ந்து மூன்று முறை பாஸ்டனில் வெற்றி பெற்றார். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்றாவது பரிசு. 1927, 1928-லும் வெற்றி. 1930-ல் 41-வது வயதில் ஏழாவது வெற்றி!

பரிசு கிடைக்காத வயதிலும் ஓட்டத்தை விடவில்லை. 1954-ல், 65-வது வயதிலும் அதே பாஸ்டன் பந்தயத்தில் ஓடினார்.

சைக்கிள் டாக்டர்

1958-ல் டி மார் புற்றுநோயால் இறந்தார். வயது 70.

அவருடைய இருதயத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவர் டாக்டர் பால் டட்லி ஒயிட். 1955-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது வைத்தியம் பார்த்தவர் இவர். தாமும் சைக்கிள் விட்டார். மற்றவர்களையும் சைக்கிள் விடச் சொன்னார். 87 வயது வரை வாழ்ந்து, 1973-ல் காலமானார். பாஸ்டனில் ஆற்றங்கரைச் சைக்கிள் பாதை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆராய்ச்சியின் முடிவு 1961-ல் வெளியாயிற்று. டி மாரின் இருதயத்துக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள், சாதாரண மனிதருக்கு இருப்பதைவிட இரண்டு, மூன்று மடங்கு அகலமாக இருந்தன! வயதானவர்களுக்கு வரும் கொழுப்புப் படிவு அவருக்கும் கொஞ்சம் இருந்தது. ஆனால் ரத்தம் ஓட வழி தாராளமாக இருந்தது.

ஓடக் கூடாது என்று சொல்லப்பட்ட இருதயம் அது!

ஒருவருடைய இருதயத்தை வைத்து எல்லோருக்கும் சட்டம் எழுத முடியாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே ஓட வேண்டும். மற்றவர்களுக்கு டி மார் காட்டிய வழி எளிது. அவர் தேகப் பயிற்சிக்கென்று தனி நேரம் தேடி அலையவில்லை. வேலைக்குப் போகிற வழியிலேயே அது அவருக்குக் கிடைத்தது.