மகாகவி குமாரன் ஆசான்

மலையாள மகாகவி குமாரன் ஆசான், 1873 ஏப்ரல் 12-ல் காயிக்கரையில், தீண்டாமைக்கு ஆளாகியிருந்த ஈழவர் குலத்திற் பிறந்தார். நாராயண குருவின் சீடராகி, 1903 முதல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தின் செயலாளராகத் தொண்டாற்றினார்.

பெண்டிரின் துயரே அவர் காவியங்களின் உயிர்நாடி. 1919-ல், தன்னைத் துறந்த இராமனின் நீதியை எடைபோடும் சீதையைப் பாடினார். 1922-ல் வெளிவந்த ‘சண்டாள பிக்ஷுகி’யில், ஆனந்த தேரருக்கு நீர் வார்த்த மாதங்கி பிக்குணியாகிறாள், உயர்குலத்தார் சினந்து அரசனிடம் முறையிட, புத்தர் பெருமான் சாதியின் பொய்ம்மையை விளக்குகிறார். 1923-ல் வெளிவந்த ‘கருணா’வில், செல்வம் கொழித்த நாளில் கணிகை வாசவதத்தை அழைத்தும் வாராத உபகுப்தர், அவள் அங்கங்கள் துணிக்கப்பட்டுச் சுடுகாட்டிற் கிடக்கையில் தாமே சென்று தேற்றுகிறார்.

1924 ஜனவரி 16-ல், பல்லனையில் படகு கவிழ்ந்து ஆசான் மறைந்தார். ஊர் ஒதுக்கிய பெண்ணுக்கும் தம்மத்தில் இடமுண்டென அவர் காட்டிய வழி மறையவில்லை.