ரமணர் இழைத்த கோல்

அருப்புக்கோட்டையை அடுத்த திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணர், 16 வயதில் வீட்டைத் துறந்து திருவண்ணாமலை சேர்ந்தார். 1950-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். மௌன ஞானியாக அறியப்பட்ட அவரை, மரம் இழைத்தவராகவும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

பற்றற்ற செயல் யாதெனத் தெலுங்குப் பண்டிதர் ஒருவர் கேட்டபோது அவர் விடை கூறவில்லை. மலையில் கிடந்த முட்கோலை எடுத்தார். முட்களைச் சீவி, கணுக்களைச் சமன்செய்து, சொரசொரப்பான இலையால் தேய்த்து மெருகேற்ற 6 மணி நேரமாயிற்று. வழியில், தன் கோலைத் தொலைத்து வாடி நின்ற ஆட்டிடையச் சிறுவனிடம் அதைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

இன்றைய கடைசல் இயந்திரம் அவ்வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். கூலியும் பெறுபவரும் தெரியாத வேலையை நாம் அரைகுறையாக விட்டுவிடுகிறோம். அவரோ, பெறுபவர் யாரென்று தெரியாதபோதே ஒரு கணுவையும் விடாமல் இழைத்தார். அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.