புகைக்கு விலை வைத்த பேராசிரியர்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்று ஒரு நகரம். பஞ்சாலைகள் நிறைந்த ஊர். ஆலைகள் கக்கிய கரி, கொடியில் உலர்ந்த துணிமீது படிந்தது. வீட்டுக்கு வீடு சோப்புச் செலவு ஏறியது.

இலாபம் முதலாளிக்கு. செலவு ஏழை வீட்டுக்கு. இது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியைப் பொருளாதாரப் பாடமாக்கியவர்தான் ஆர்தர் செசில் பிகு.

இளம் பேராசிரியர்

1877-ம் ஆண்டு ரைடு என்ற ஊரில் பிகு பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் படித்த பிகு, 1908-ல் முப்பதே வயதில் அங்கே பொருளாதாரப் பேராசிரியர் ஆனார்.

முதல் உலகப் போர் மூண்டது. ராணுவ அதிகாரியின் மகன் துப்பாக்கி ஏந்த மறுத்தார். ஆனால் சும்மா இருக்கவில்லை. விடுமுறை நாட்களில் போர்முனைக்குப் போய் ஆம்புலன்சு வண்டி ஓட்டினார். அங்கே கண்ட கொடுமை அவரை மாற்றிவிட்டது. கலகலப்பாக இருந்தவர் தனிமையை நாடினார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

சோப்புக் கணக்கு

1920-ல் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. புகையால் மான்செஸ்டர் மக்களுக்கு ஆண்டுக்கு 2,90,000 பவுன் அதிகச் சலவைச் செலவு என்ற கணக்கை அதில் எடுத்துக் காட்டினார்.

ஆலையை மூடு என்று அவர் சொல்லவில்லை. ஊருக்கு உண்டாகும் நஷ்டத்தை ஆலையே வரியாகக் கட்டட்டும் என்றார். கைப்பணம் போனால் முதலாளி தானே புகையைக் குறைப்பார் அல்லவா?

1959-ல், 81-வது வயதில் பிகு காலமானார்.

புகைக்கு விலை வைக்கப் பின்வந்தவர்கள் இன்னொரு வழியும் கண்டார்கள். 2019-ல் குஜராத்தின் சூரத் நகரில் ஆலைத் தூசிக்கு ஒரு சந்தையே தொடங்கியது. மொத்தத் தூசிக்கு ஓர் அளவு உண்டு. தன் பங்கைவிடக் குறைத்த ஆலை, மிச்சத்தை விற்கலாம். மீறிய ஆலை காசு கொடுத்து வாங்கவேண்டும்.

பாலாற்றங்கரையில்

பிகு கேட்ட கேள்வி அதற்கு முன்பே நம் பாலாற்றங்கரையில் எழுந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அதன் கழிவுநீர் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதிக்கப்பட்டதாக ஓர் ஆய்வு சொன்னது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996-ல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும்! தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு.

அபராதம் கட்டினால் மட்டும் போதுமா? கெட்ட கிணற்றில் மறுபடி நல்ல தண்ணீர் ஊறவேண்டும். பிகு போட்ட கணக்குக்கு அதுதான் சரியான விடை.