காத்திருந்த பெண்களின் துயரைப் பாடிய பிக்காரி தாக்கூர்

புது தில்லி, டிச. 17: போஜ்புரி மொழி பேசும் கிராமங்களில் இன்றளவும் போற்றப்படும் நாட்டுப்புறப் பாடகரும் நாடகக் கலைஞருமான பிக்காரி தாக்கூரின் பிறந்த நாள் டிசம்பர் 18. அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. எனினும் பிழைப்புத் தேடி ரயிலேறும் பிகார் இளைஞர்களின் கூட்டம் ஓயாததால், அவருடைய பாடல்கள் பழங்கதையாகிவிடவில்லை.

இன்று பிகாரின் சரண் மாவட்டத்தில் உள்ள குதுப்பூர் கிராமத்தில் 1887-ல் பிறந்தவர் பிக்காரி தாக்கூர். பிக்காரி என்றால் இரப்பவர் என்று பொருள். தமிழ்நாட்டில் பிச்சை என்று பெயரிடுவதைப் போன்றது. குடும்பம் நாவிதர் குலத்தைச் சேர்ந்தது. முடி திருத்துவதோடு, திருமண அழைப்பைச் சுமந்து செல்வதும் சடங்குகளில் ஏவிய வேலையைச் செய்வதும் அக்குலத்தார் மீது சுமத்தப்பட்டிருந்த கடமைகள். எல்லா வீட்டு வாசலுக்கும் அவர்கள் சென்றாக வேண்டும். எந்த வீட்டிலும் அவர்களுக்குச் சமமான இருக்கை இல்லை. வாசலில் நின்றபடி வீட்டுக்குள் நடப்பதை அறிந்துகொண்ட அந்த அனுபவமே பின்னாளில் அவருடைய நாடகங்களுக்கு அடித்தளமானது எனலாம்.

பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. எழுத்தறிவு தாமதமாகவே வந்தது. கைத்தி எழுத்தில் எழுதினார். வருமானம் தேடி வங்காளத்தின் கரக்பூருக்குச் சென்று முடி திருத்தும் தொழில் செய்தார். மேதினிபூரில் பார்த்த ராம்லீலா அவருடைய வாழ்க்கையைத் திசை திருப்பியது. ஊர் திரும்பியவர் சொந்தமாக ஒரு குழுவைத் திரட்டினார். ஆண்களே பெண் வேடமிட்டு ஆடும் 'லவுண்டா நாச்' என்ற ஆட்டத்தை மேல்சாதியினர் இழிவாகக் கருதினர்; தங்கள் வீட்டுத் திருமணத்துக்கு அதையே வரவழைக்கவும் செய்தனர். அந்த ஆட்டத்தைத்தான் அவர் தம் மேடையாக்கிக்கொண்டார்.

அவருடைய நாடகங்களில் புகழ்பெற்றது 'பிதேசியா'. புதிதாக மணமான இளைஞன் மனைவியை விட்டுவிட்டுக் கொல்கத்தாவுக்குச் செல்கிறான். அங்கே வேறொரு பெண்ணுடன் குடும்பம் நடத்துகிறான். ஊரில் காத்திருக்கும் மனைவி, வழிப்போக்கர் ஒருவரிடம் தன் துயரைச் சொல்லித் தூது அனுப்புகிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் சணல் ஆலைகளுக்கும் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கும், அதற்கு முன்பு ஒப்பந்தக் கூலிகளாக மோரீஷஸ், சூரினாம், ஃபிஜி ஆகிய இடங்களுக்கும் ஆண்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்த மண் அது. மேடையில் பெண் வேடத்தில் அழுதவரின் குரலில் பார்வையாளர்கள் தங்கள் வீட்டுப் பெண்களின் குரலைக் கேட்டனர். வெளியூர் சென்றவன் அனுப்பும் பணத்தைப் பற்றியே ஊர் பேசியபோது, பின்தங்கிய பெண்ணின் கணக்கை அவர் முன்வைத்தார்.

'கபர்கிச்சோர்' நாடகத்தில் அவர் இன்னும் துணிந்தார். கணவன் ஆண்டுக்கணக்கில் வெளியூரில் இருக்கிறான். மனைவிக்கு வேறொருவன் மூலம் மகன் பிறக்கிறான். பையன் வளர்ந்ததும், திரும்பி வந்த கணவன், பெற்ற தந்தை, தாய் ஆகிய மூவரும் பஞ்சாயத்தில் அவனுக்கு உரிமை கோருகின்றனர். பிள்ளையை மூன்றாக வெட்டிப் பங்கிடத் தீர்ப்பாகிறது. அவன் உயிரோடு இருந்தால் போதும் என்று தாய் விலகிக்கொள்கிறாள். இறுதியில் அவளிடமே மகன் ஒப்படைக்கப்படுகிறான். கற்பை முன்வைத்து அவளைத் தண்டிக்கும் காட்சி அந்நாடகத்தில் இல்லை. பிரெக்டின் 'காகேசியன் சாக் சர்க்கிள்' நாடகத்தோடு விமர்சகர்கள் இதை ஒப்பிடுவதுண்டு.

பணத்துக்காக மகளை முதியவருக்கு மணம் முடித்துத் தரும் வழக்கத்தைச் சாடியது 'பேட்டி பேச்வா'. விதவைகளின் நிலை, சகோதரர்களின் சொத்துத் தகராறு, குடிப்பழக்கம் ஆகியவையும் அவருக்குக் கருப்பொருளாயின. நில உடைமையாளர்களின் அதிகாரத்தை அவர் நேருக்கு நேர் எதிர்க்கவில்லை, பக்தியிலும் சமரசத்திலும் கதையை முடித்துவிடுகிறார் என்ற குறை கூறப்படுவதுண்டு. அக்குறையில் உண்மை உண்டு. ஆனால் அவருடைய குழு அந்த உடைமையாளர்களின் முற்றத்திலேயே ஆட வேண்டியிருந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.

1963-ல் 'பிதேசியா' என்ற பெயரில் வெளிவந்த போஜ்புரித் திரைப்படத்திலும் அவர் தோன்றினார். 1971 ஜூலை 10-ம் தேதி காலமானார். 'போஜ்புரியின் ஷேக்ஸ்பியர்' என்ற பட்டம் மட்டும் விழாதோறும் தவறாமல் சூட்டப்படுகிறது. அவர் எழுதிய மொழிக்கோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 கோடிக்கும் அதிகமானோர் போஜ்புரியைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டனர். அவர்கள் அனைவரும் ஹிந்தி பேசுவோர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அதே பிகாரின் மைதிலி 2003-ம் ஆண்டின் திருத்தச் சட்டம் மூலம் அட்டவணையில் இடம்பெற்றுவிட்டது.

பிக்காரி தாக்கூரின் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து பெண் வேடமிட்டு ஆடியவர் ராம்சந்திர மாஞ்சி. தலித் சமூகத்தைச் சேர்ந்த அவர், முதுமையிலும் மேடையேறி அந்த ஆட்டத்தை அணையாமல் காத்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே அவரும் மறைந்தார்.