வீட்டுக்கடனை சம்பளக்காரர்களிடம் கொண்டுவந்த ஹெச்.டி.பரேக்: வட்டி ஏறினால் இஎம்ஐ எகிறுவது ஏன்?

சிறுசேரி சிப்காட் ஐடி பூங்காவில் வேலைக்குச் சேர்ந்து, 30 வயதிலேயே ஓஎம்ஆரில் ஒரு ஃப்ளாட், 20 வருஷத்துக்கு இஎம்ஐ... இன்று இது சாதாரணம். 50 வருஷத்துக்கு முன்னால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ரிட்டையர் ஆகும்போது கிடைக்கும் பிஎஃப் பணம், மனைவியின் நகை, சொந்தக்காரர்களிடம் கைமாத்து என்று புரட்டித்தான் பலர் வீடு கட்டினார்கள். மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்ட் மாதிரி நிதி நிறுவனங்கள் 1872 முதலே இருந்தாலும், மாசச் சம்பளத்தை நம்பி நீண்டகாலக் கடன் கொடுப்பது பெரிதாகப் பரவவில்லை.

அதை மாற்றியவர் ஹஸ்முக் தாகோர்தாஸ் பரேக். 1911-ல் சூரத்தில் பிறந்தார். மும்பையில் படித்து, பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போனார். மக்களின் சேமிப்பை வாங்கி, அதையே வீட்டுக்கடனாகக் கொடுக்கும் சங்கங்கள் இங்கிலாந்தில் அப்போதே வேரூன்றியிருந்தன. ஊர் திரும்பியவர் பங்குத்தரகு நிறுவனம் ஒன்றில் 20 வருஷம் வேலை பார்த்தார். 1956-ல் ஐசிஐசிஐ-யில் சேர்ந்து, அதன் தலைவராகவே உயர்ந்து, 1976-ல் ஓய்வு பெற்றார்.

பேரன் பேத்தி வயதுக்காரர்களோடு பொழுதைக் கழிக்க வேண்டிய நேரம். ஆனால் 1977-ல், 66 வயதில், ஹெச்டிஎஃப்சி-யைத் தொடங்கினார். மூலதனம் 10 கோடி ரூபாய். பங்கு வெளியீட்டை மக்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்குக் கடன் வாங்கினவன் திருப்பிக் கட்டுவானா என்ற சந்தேகம்தான்.

மனிதர்களை நம்பலாம் என்ற அவரது கணக்கு தப்பவில்லை. நிஜமான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. டெபாசிட் சில வருஷங்களுக்குத்தான் வரும். கடனோ 15, 20 வருஷத்துக்குப் போகும். நடுவில் வட்டி ஏறினால் யார் தலையில் விழும்? அவர் காலத்தில் வீட்டுக்கடனுக்குப் பெரும்பாலும் நிலையான வட்டி, அதனால் சுமை நிறுவனத்துக்கு. 1992-ல் பத்மபூஷண் பெற்ற பரேக், 1994 நவம்பரில் காலமானார். மாறும் வட்டி பரவலானது அதற்குப் பிறகுதான். அப்போது சுமை கடன் வாங்கியவர் பக்கம் நகர்ந்துவிட்டது.

2019 அக்டோபரிலிருந்து வங்கிகளின் புதிய மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டன. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போவை 4-லிருந்து 6.5 சதவீதமாக்கியது. சிறுசேரியில் ஒருவர் 6.75 சதவீதத்தில் 40 லட்சத்தை 20 வருஷத்துக்கு வாங்கியிருந்தால், இஎம்ஐ சுமார் 30,415 ரூபாய். வட்டி 9.25 ஆனால் சுமார் 36,635. பழைய இஎம்ஐ-யையே கட்டுகிறேன் என்றால் அதைவிட மோசம்: 40 லட்சத்துக்கு முதல் மாச வட்டியே 30,833 ரூபாய். அசல் ஒரு பைசா குறையாது, கடன்தான் வளரும்!

புதிதாக வாங்க வருபவருக்கும் அடிதான். அதே 30,415 ரூபாய்க்கு 9.25 சதவீதத்தில் 33 லட்சம் சொச்சம்தான் கடன் கிடைக்கும். அப்படியானால் வீட்டு விலை இறங்கணுமே? 2022, 2023-ல் பெரிய நகரங்களில் மொத்தத்தில் இறங்கவில்லை. நிலமும் கட்டுமானச் செலவும் ஏறிக்கொண்டிருந்தன. பொதுவாக பில்டர்கள் சதுர அடி விலையில் கை வைப்பதில்லை. மாடுலர் கிச்சன், பதிவுச் செலவு என்று சலுகையாகத்தான் இறங்கி வருவார்கள்.

பரேக்கின் ஹெச்டிஎஃப்சி 2023 ஜூலையில் ஹெச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தது. அடுத்த மாதமே ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வட்டி மாற்றப்படும்போது இஎம்ஐ-யைக் கூட்டுவதா, தவணைக் காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று கடன்தாரரிடமே கேட்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாறவும் 2025 செப்டம்பர் வரை வழி தர வேண்டியிருந்தது. கேட்காமலே தவணைக் காலம் நீண்டிருந்தால், வங்கிக் கிளையில் போய்க் கேட்கலாம்.