கேர்ட்டன் கண்ட எமிலி டேவிஸ் அம்மையார்

கேம்பிரிட்ஜ் ஜூனியர், கேம்பிரிட்ஜ் சீனியர் என்னும் பெயர்களை வீட்டுப் பெரியோர் வாயிலாகக் கேட்டிராத ஆசிரியர் நம்மிடையே ஒரு சிலரே இருப்பர். 1880ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அப்பரீட்சை, இரண்டு தலைமுறைக்கு மேலாக நம் நாட்டுக் கல்விக்கு உரைகல்லாய் விளங்கியது. இங்கிலாந்தில் அது தொடங்கிய 1858ஆம் ஆண்டில் ஆண்பிள்ளைகள் மட்டுமே அதற்குத் தோற்றலாம் என்பது விதி. அந்த விதி மாறியது தானாக நிகழ்ந்த ஒன்றன்று. அதன் பின்னால் ஓர் அம்மையாரின் ஓயாத உழைப்பு இருந்தது. உருவத்திற் சிறியவர், உரத்துப் பேசாதவர், ஆனால் கொண்ட கொள்கையில் இம்மியும் தளராதவர். அவரே எமிலி டேவிஸ்.

பல்கலைக்கழகம் யாருக்குரியது என்ற வினா இன்று உலகெங்கும் கேட்கப்படுகின்றது. பல இனத்தவரும், பல சமயத்தவரும், ஆணும் பெண்ணும், செல்வரும் வறியவரும் ஒரே கலைக்கூடத்தில் ஒத்த மதிப்புடன் வாழ்வது எங்ஙனம் என்று அறிஞர் ஆராய்கின்றனர். இவ்வினாவின் ஒரு கூற்றுக்கு விடை காண நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவரின் வரலாற்றை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

இளமையும் ஏக்கமும்

எமிலி 1830ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆந் திகதி சவுத்தாம்ற்றன் நகரிற் பிறந்தார். தந்தையார் யோன் டேவிஸ் ஒரு கிறித்தவ மதகுரு. எமிலியின் சிறு பிராயத்திலேயே குடும்பம் வட இங்கிலாந்திலுள்ள கேற்ஸ்கெட் நகருக்குக் குடிபெயர்ந்தது. தைன் நதியின் ஒரு கரையிற் கேற்ஸ்கெட். மறு கரையில் நியூகாசில்.

அக்குடும்பத்திற் கல்விக்குக் குறைவில்லை. ஆனால் அது ஆண்மக்களின் பங்காயிற்று. சகோதரர்கள் பெயர் பெற்ற பாடசாலைகளுக்குச் சென்றனர். மூத்தவராகிய லுவெலின் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிற் கற்றுச் சிறப்பெய்தினார். எமிலிக்குக் கிடைத்ததோ வீட்டிலிருந்தபடி பெற்ற சிறிதளவு பாடம். மற்றைப் பொழுதெல்லாம் தந்தையாரின் திருச்சபைப் பணிகளிலும், நோயுற்றோரைப் பராமரிப்பதிலும், விருந்தினரை உபசரிப்பதிலும் கழிந்தது. ஒரு மகளின் நேரம் வீட்டார் அனைவருக்கும் பொதுச் சொத்து. அவளுக்கு மட்டும் அதில் உரிமையில்லை. இந்த உண்மையை எமிலி நூல்களிற் படித்து அறியவில்லை. முப்பது ஆண்டு வாழ்ந்து அறிந்தார். பிற்காலத்தில் அவர் எழுப்பிய கல்லூரியின் ஒவ்வொரு சுவரிலும் அந்த அறிவு பதிந்திருந்தது.

1858ஆம் ஆண்டையொட்டி ஒரு சகோதரியையும் இரு சகோதரரையும் அவர் சிறிது கால எல்லைக்குள் இழந்தார். பின்னர் தந்தையாரும் மறைந்தார். 1862இல் தாயாருடன் இலண்டன் வந்து சேர்ந்தபோது எமிலிக்கு வயது முப்பத்தொன்று. துயரம் அவரை முடக்கவில்லை. எதற்காக வாழ்வது என்ற தெளிவு அப்போது அவருக்கு இருந்தது.

தோல்வி தந்த பாடம்

எமிலியின் தோழி எலிசபெத் கரட் மருத்துவம் கற்க விரும்பினார். அதற்கு இலண்டன் பல்கலைக்கழகத்தின் பிரவேசப் பரீட்சை வேண்டியிருந்தது. 1862இல் இருவரும் முயன்று ஆதரவு திரட்டினர். செனற் சபையில் வாக்குகள் இரு பக்கமும் சமமாக நின்றன. தலைமை வகித்தவரின் தீர்மான வாக்கு அவர்களுக்கு எதிராக விழுந்தது. ஒரேயொரு வாக்கினால் ஒரு கதவு அடைபட்டது. அதே பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது 1878இலே தான்.

அத்தோல்வியிலிருந்து எமிலி ஒரு பாடம் கற்றார். பெரிய வாயிலைத் தட்டுமுன் சிறிய வாயிலைத் திறப்பிக்க வேண்டும் என்பதே அது. கேம்பிரிட்ஜின் உள்ளூர்ப் பரீட்சையே அச்சிறிய வாயில். 1863இல் பரீட்சார்த்தமாகச் சிறுமியரைத் தோற்றுவிக்க அனுமதி கிடைத்தது. ஆயத்தம் செய்யக் கிடைத்ததோ சில வாரங்களே. 83 சிறுமியர் வந்தனர். மூத்த பிரிவினருட் பெரும்பாலானோர் எண்கணிதத்தில் தவறினர். எதிர்த்தவர்கள் எள்ளி நகையாட இது போதுமானதாயிருந்தது. ஆனால் எமிலி அப்பெறுபேற்றை மறைக்க முயலவில்லை. பெண்களின் அறிவிலன்று, பெண்களுக்குக் கற்பித்த முறையிலேதான் குறை உள்ளது என்பதற்கு அதனையே சான்றாக எடுத்துக்காட்டினார். பாடசாலைகள் கணிதம் கற்பிக்கத் தலைப்பட்டன. 1865இல், சிறியதொரு பெரும்பான்மையால், கேம்பிரிட்ஜ் அப்பரீட்சையைச் சிறுமியர்க்கும் திறந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, பெண்களுக்கு வாக்குரிமை கோரி ஏறத்தாழ 1,500 பேர் கையொப்பமிட்ட மனுவொன்றை எமிலியும் எலிசபெத்தும் பாராளுமன்ற மண்டபத்துக்கு எடுத்துச் சென்றனர். யோன் ஸ்ரூவாட் மில் வருமளவும் அதனைக் கையில் வைத்திருக்கக் கூச்சமுற்று, அங்கிருந்த அப்பிள் விற்கும் பெண்ணொருத்தியின் தட்டின் கீழ் அதனை மறைத்து வைத்தனர். ஆயினும் வாக்குரிமைக் கிளர்ச்சியில் முன்னணியில் நின்றால் கல்விப் பணிக்கு ஊறு நேரும் எனக் கருதிய எமிலி, விரைவில் அதிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்.

ஐந்து மாணவியர்

1869ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி, கேம்பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ 27 மைல் தூரத்திலுள்ள ஹிச்சின் என்னும் ஊரில், வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில், ஐந்து மாணவியருடன் கல்லூரி தொடங்கியது. இளம் ஆடவர் நிறைந்த நகரத்துக்கு அருகே பெண்களை வைத்தால் ஊர் பழிக்கும் என்ற அச்சமே இத்தூரத்துக்குக் காரணம். கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் புகையிரதத்தில் வந்து பாடம் சொல்லிச் சென்றனர்.

இங்கேதான் அம்மையாரின் கொள்கை சோதனைக்குள்ளாயிற்று. பெண்களுக்கென ஓர் இலகுவான பாடத்திட்டமும் தனிப் பரீட்சையும் அமைப்போம் எனக் கூறியவர்கள் பகைவர்கள் அல்லர், நண்பர்களே. ஹென்றி சிட்விக் என்ற பேரறிஞர் அவர்களுள் ஒருவர். ஆரம்பக் கல்வியே சரிவரப் பெறாத பெண்களை, ஆண்கள் பல்லாண்டு பயின்ற இலத்தீனையும் கிரேக்கத்தையும் சில மாதங்களிற் கற்குமாறு வற்புறுத்துவது கொடுமை என்று அவர் எண்ணினார். 1871இல் ஆன் கிளவ் அம்மையாரைத் தலைவியாகக் கொண்டு கேம்பிரிட்ஜ் நகரிலேயே அவர் தொடங்கிய விடுதி, பின்னர் நியூனம் கல்லூரியாயிற்று. அங்கே மாணவியர் தத்தமக்கு இயன்ற வேகத்திற் கற்கலாம்.

எமிலி இதற்கு இணங்கவில்லை. தனிப் பரீட்சை என்பது எத்தனை அன்போடு அளிக்கப்பட்டாலும், தாழ்ந்த பரீட்சை என்றே உலகம் மதிக்கும் என்று அவர் கண்டார். ஆகவே அதே பாடம், அதே வினாத்தாள், அதே கால எல்லை என்பதில் அணுவளவும் விட்டுக்கொடுக்க மறுத்தார்.

இவ்வுறுதிக்குக் கொடுத்த விலை சிறிதன்று. முதல் ஐவருள் ஒருவராகிய அனா லொயிட், வீட்டாரின் வற்புறுத்தலினால் இடையிலேயே திரும்ப நேர்ந்தது. ஐவருள் சேரா வுட்ஹெட், லுயிசா லம்ஸ்டன் ஆகிய இருவரே, திரைப்பொஸ் எனப்படும் சிறப்புப் பரீட்சைவரை சென்றனர். 1873இல் லம்ஸ்டனும் அவர் தோழி ரேச்சல் குக்கும் கேம்பிரிட்ஜ் விடுதியொன்றின் அறையில் வினாத்தாளுக்காகக் காத்திருந்தனர். அவர்கள் பெயர் பல்கலைக்கழகப் பதிவேட்டில் இல்லை. பரீட்சகர்களின் தனிப்பட்ட தயவினாலேயே அவர்களுக்கு வினாத்தாள் கிடைக்கவேண்டியிருந்தது. அது வந்துசேரத் தாமதமாயிற்று. எமிலி அம்மையார் கணப்படுப்பின் அருகே அமர்ந்து, முகத்தில் எவ்வித மாறுதலுமின்றிக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். மூவரும் சித்தியெய்தினர்.

இரண்டு அறைகள்

1873இற் கல்லூரி, கேம்பிரிட்ஜுக்கு இரண்டு மைலுக்குச் சற்று அப்பாலுள்ள கேர்ட்டன் கிராமத்துக்கு மாறியது. கட்டடக் கலைஞர் அல்பிரட் வாட்டர்ஹவுஸ் செங்கல்லால் அதனை எழுப்பினார். பணம் பற்றாக்குறையாயிருந்தும் ஒன்றில் மட்டும் அம்மையார் சிக்கனத்துக்கு இடங்கொடுக்கவில்லை. ஒவ்வொரு மாணவிக்கும் படுக்க ஓர் அறை, படிக்க ஓர் அறை. கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை அவளுடையது. வீட்டில் எந்நேரமும் யாரேனும் அழைக்க, எடுத்த நூலைக் கீழே வைத்துவிட்டு ஓடிய பெண்ணுக்கு இதனினும் பெரிய செல்வம் இருந்திருக்க முடியாது. தரத்திற் சலுகை வேண்டாம் என்று மறுத்தவர், வாழ்க்கை வசதியிற் குறை வைக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி எமிலி டேவிஸை நாம் அறிந்தவராக மாட்டோம்.

உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்ற வாதமும் அக்காலத்தில் எழுந்தது. மனநோய் மருத்துவரான ஹென்றி மோட்ஸ்லி 1874இல் இதனை ஒரு கட்டுரையாகவே எழுதி வெளியிட்டார். அதற்கு விடையிறுத்தவர், அதற்குள் மருத்துவராகிவிட்ட எலிசபெத் கரட். 1890இல் சிட்விக்கின் துணைவியார் எலனர், கற்ற பெண்களின் உடல்நலத்தை அவர்களுடைய சகோதரிகளின் நலத்தோடு ஒப்பிட்டுப் புள்ளிவிவரம் வெளியிட்டார். கற்றவர்களின் நலம் எவ்வகையிலும் தாழ்ந்திருக்கவில்லை. வீண் அச்சம் எண்களின் முன் நிற்கவில்லை.

சமய வேறுபாடும் கேர்ட்டன் வாயிலில் தடையாக நிற்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதோர்க்குக் கேம்பிரிட்ஜ் தன் பதவிகளைத் திறந்தது 1871இலேயே. ஹிச்சினிலோ 1869இலேயே குவேக்கர் பிரிவைச் சேர்ந்த மாணவியர் இருந்தனர். 1876இல், போலந்திலிருந்து வந்த யூதக் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மகளாகிய சேரா மார்க்ஸ், நண்பர்களின் பொருளுதவியோடு கேர்ட்டனிற் சேர்ந்தார். அவரே பின்னாளில் ஹேர்த்தா அயர்ட்டன் எனப் பெயர் பெற்று, மின்வில் ஆராய்ச்சிக்காக 1906இல் அரச கழகத்தின் ஹியூஸ் பதக்கத்தைப் பெற்ற விஞ்ஞானி.

குறைகளையும் கூறுவது நேர்மை. கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 105 பவுண். உதவி பெறாத ஏழைப் பெண் அதனை எட்டிப் பார்க்கவும் முடியாது. மாணவியர் ஆணுடை தரித்து ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சிகளை நடித்தபோது அம்மையார் அதனைக் கண்டித்துத் தடுத்தார். மாணவியர் மனங் கசந்தனர். எதிரிகளின் கைக்கு ஒரு கல்லும் கொடுக்கலாகாது என்ற கவலை, சில வேளைகளில் இளம் உள்ளங்களின் இயல்பான மகிழ்ச்சியையும் அடக்கியது.

பட்டமில்லாப் பட்டதாரிகள்

1880இல் கேர்ட்டன் மாணவி சார்ளட் ஸ்கொட், கணிதச் சிறப்புப் பரீட்சையில் எட்டாம் இடத்துக்குரிய புள்ளி பெற்றார். பெண்ணாதலால் அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. எட்டாம் இடத்துக்கு வேறொருவர் பெயர் வாசிக்கப்பட்டபோது, கூடியிருந்த ஆண் மாணவர்களே ஸ்கொட்டின் பெயரை முழங்கினர். நியூகாசிலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனுவொன்று எழுந்தது. எமிலி வளர்ந்த ஊரின் எதிர்க் கரையிலிருந்தே அக்குரல் வந்தமை குறிப்பிடத்தக்கது. 1881இற் செனற் சபை, 398க்கு 32 என்ற வாக்குகளால், மாணவியர் உரிமையோடு பரீட்சைக்குத் தோற்ற இசைந்தது.

ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. 1887இல் அக்னற்றா இராம்சே, பண்டைமொழிப் பரீட்சையின் முதல் வகுப்பில் அதியுயர் பிரிவைத் தனியொருவராகப் பெற்றார். 1890இல் நியூனம் மாணவி பிலிப்பா போசெற் கணிதத்தில் ஆண்கள் அனைவரையும் விஞ்சினார். அப்போதும் பட்டம் இல்லை. 1897இல் அது வாக்கெடுப்புக்கு வந்த நாளில், துவிச்சக்கர வண்டியேறிய பெண்ணுருவ பொம்மையொன்றைச் செனற் மண்டபத்தின் எதிரே தொங்கவிட்டு மாணவர் ஆரவாரித்தனர். ஆதரவு ஏறத்தாழ 660, எதிர்ப்பு ஏறத்தாழ 1,700. பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஸ்கொட்டின் பெயரை முழங்கியதும் மாணவர் குரலே, இதுவும் மாணவர் குரலே. ஒரு கலைக்கூடத்தின் மனம் முன்னே மட்டும் செல்வதன்று, பின்னேயும் செல்லும்.

எமிலி 1904இற் கல்லூரிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 1918இல், எண்பத்தெட்டாம் வயதில், வாக்குச் சாவடிக்குச் சென்று முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்கு வாக்களித்தார். அப்பிள் தட்டின் கீழ் மறைத்த மனுவுக்கு ஐம்பத்திரண்டு ஆண்டுகளின் பின் கிடைத்த விடை அது. 1921 யூலை 13ஆந் திகதி அவர் மறைந்தார். ஒக்ஸ்பேர்ட் அதற்கு முந்திய ஆண்டிற் பெண்களுக்குப் பட்டம் அளித்திருந்தது. அவருடைய கேம்பிரிட்ஜோ அதனை அளித்தது 1948இலேதான். 1979இற் கேர்ட்டன் தன் கதவை ஆண் மாணவர்க்கும் திறந்துவிட்டது.

ஒதுக்கப்பட்டோரை உள்ளே அழைப்பவர்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வது வழக்கம். தனியே ஒரு சிறு வாயில் அமைத்து அதனோடு மனநிறைவு கொள்வது ஒன்று. பெருவாயிலைத் திறந்துவிட்டு, உள்ளே வந்தவர் எங்ஙனம் வாழ்கின்றார் என்று பாராதிருப்பது மற்றொன்று. எமிலி டேவிஸ் பெருவாயிலையே கேட்டார். உள்ளே வருபவளுக்குப் படிக்க ஓர் அறையும் குளிர் காயக் கணப்பும் ஆயத்தம் செய்தார். நம் பல்கலைக்கழகங்களில் முதன்முறையாக அடியெடுத்து வைக்கும் கிராமத்துப் பிள்ளையை வரவேற்கும் ஆசிரியர்கள், தாம் அவ்விரண்டையும் செய்கின்றோமா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாயின், அதுவே அவ்வம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.