சொந்தத் திரையரங்கு கட்டிய டி.ஆர். ராஜகுமாரி

பத்து பாகாட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்கு ‘சந்திரலேகா’ என்றதும் முரசு நடனம்தான் நினைவுக்கு வரும். 1948இல் வெளிவந்த அப்படத்தின் நாயகி டி.ஆர். ராஜகுமாரி, 1922இல் தஞ்சாவூரில் பிறந்தவர். எம்.கே. தியாகராஜ பாகவதருடன் அவர் நடித்த ‘ஹரிதாஸ்’ (1944), சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

புகழ் இருந்தபோதே அவர் நாளைய நாளையும் எண்ணினார். சம்பாதித்த பணத்தில் தியாகராய நகரில் தம் பெயரிலேயே திரையரங்கு கட்டினார். தம்பி டி.ஆர். ராமண்ணாவுடன் ஆர்.ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இணைந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’ (1954) அவர்கள் எடுத்ததே. அது ஓடவில்லை. துவண்டுவிடாமல் மறு ஆண்டே ‘குலேபகாவலி’யில் வெற்றி கண்டனர்.

‘வானம்பாடி’யோடு (1963) நடிப்பிலிருந்து விலகிய ராஜகுமாரி, 1999இல் காலமானார். அந்தத் திரையரங்கு இன்று இல்லை. ஆனால், நடிகை முதலாளியாகவும் நிற்கலாம் என்று அன்றே காட்டியவர் அவர்.